சென்னைக்குப் பறக்க 1 மணி! விமானத்தைப் பிடிக்க 3 மணி!!

ஏற்காட்டு மலையில் இருந்து ஒரு பயணக் கணக்கு

ஏற்காடு ஏரிக்கரையில் இருந்து ஒரு காக்காய் நேர் மேற்கே பறந்தால், 15 கி.மீ. தூரத்தில் சேலம் விமான நிலையத்து ரன்வேயில் போய் உட்காரும்.

விமானத்துக்கு இந்தத் தூரம் 2 நிமிடம்.

மனுஷனுக்கு? ஒன்றரை மணி நேரம்! அதுவும் ரோடு காலியாக இருந்தால்.

சேலத்தில் இருந்து சென்னைக்கு விமானத்தில் 1 மணி நேரம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது பொய் அல்ல. ஆனால் அது ரன்வேயில் இருந்து ரன்வேக்குப் போகிற கணக்கு. வீட்டு வாசலில் இருந்து வாசலுக்கு எவ்வளவு நேரம் என்பதை எந்த டிக்கெட்டிலும் அச்சடிப்பது இல்லை. சேர்வராயன் மலையில் குடியிருக்கிறவருக்கு அந்த இரண்டாவது கணக்குதான் முக்கியம்.

ரூலரும் தேசப்படமும்

முதலில் வானத்துக் கணக்கைப் பார்த்துவிடலாம்.

சேலம் விமான நிலையம் சேலத்தில் இல்லை. ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில், பெங்களூர் ரோட்டை ஒட்டி இருக்கிறது. சென்னை விமான நிலையம் மீனம்பாக்கத்தில். இரண்டுக்கும் நடுவே கிழக்கு மேற்காக 2 டிகிரிக்குக் கொஞ்சம் மேல், வடக்கு தெற்காக 1 டிகிரிக்குக் கொஞ்சம் மேல் வித்தியாசம். ஒரு டிகிரி என்பது சுமார் 111 கி.மீ. இதை வைத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த முக்கோணக் கணக்கைப் போட்டால், நேர்த்தூரம் சுமார் 266 கி.மீ. வருகிறது. விமானிகள் கி.மீ.யில் பேச மாட்டார்கள். அவர்களுக்குக் கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. அந்தக் கணக்கில் 144 மைல்.

இதே சேலம்-சென்னை, ரெயிலில் ஜோலார்பேட்டை வழியாக 334 கி.மீ. ரோட்டில் உளுந்தூர்பேட்டை வழியாகச் சுமார் 340 கி.மீ. ஆக, ஆகாயத்தில் போனால் 70 கி.மீ. மிச்சம்.

தேசப்படத்தில் ரூலரை வைத்து இந்த 266 கி.மீ. கோட்டை இழுத்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். மீனம்பாக்கத்தில் கிளம்புகிற கோடு செய்யாறு பக்கம் போகிறது. போளூருக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவே நுழைகிறது. அரூர் தலைக்கு மேல் வருகிறது. அப்புறம் சேர்வராயன் மலையின் வடக்குத் தோளைத் தாண்டி காமலாபுரத்தில் முடிகிறது. ஏற்காடு டவுனுக்கும் இந்தக் கோட்டுக்கும் 10 கி.மீ.தான் இடைவெளி.

நிஜ விமானம் ரூலர் கோட்டிலேயே போகாது. கண்ட்ரோல் டவரில் சொல்கிற பாதை, காற்று, மேகம் எல்லாம் பார்த்துக் கொஞ்சம் அப்படி இப்படித்தான் வளையும். ஆனாலும் சென்னை விமானம் ஏற்காட்டுக்காரர் வீட்டு வழியாகத்தான் வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஏறுவதற்குத்தான் முடியாது!

32 நிமிடம் எப்படி 1 மணி ஆனது?

சேலத்துக்கு வந்து போனது பெரும்பாலும் ஏ.டி.ஆர். ரக விமானம். இறக்கையில் இரண்டு காற்றாடி சுற்றும். 70 பேருக்கு மேல் உட்காரலாம். மேலே போய் நிலைக்கு வந்துவிட்டால் மணிக்குச் சுமார் 500 கி.மீ. வேகம்.

266 கி.மீ.யை 500 ஆல் வகுத்தால் 32 நிமிடம்தானே வருகிறது? அட்டவணையில் மட்டும் ஏன் கிட்டத்தட்ட 1 மணி நேரம் போடுகிறார்கள்?

ஏமாற்று வேலை ஒன்றும் இல்லை. கதவை மூடி விமானம் நகர ஆரம்பித்ததும் கடிகாரம் ஓட ஆரம்பிக்கிறது. மறுமுனையில் நின்று, சக்கரத்துக்குக் கட்டை வைத்த பிறகுதான் நிற்கிறது. மீனம்பாக்கத்தில் ரன்வே முனைக்கு ஊர்ந்து போக வேண்டும். முன்னால் பெரிய விமானங்கள் வரிசையில் நிற்கும். மேலே ஏறும்போது முழு வேகம் கிடையாது. இறங்கும்போதும் கிடையாது. 266 கி.மீ. பயணத்தில் ஏறுவதும் இறங்குவதும்தான் பாதி. சீரான வேகத்தில் போகிற நேரம் கொஞ்சம்தான். டெல்லி போகிற விமானத்துக்கு இந்த அரை மணி நேரம் பெரிய விஷயம் அல்ல. சேலம் மாதிரி குட்டிப் பயணத்துக்கு அதுவே பாதிப் பயணம்.

சேலத்தில் இன்னொரு சங்கதி, மலை. காமலாபுரம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,000 அடி உயரம். கிழக்கே 15 கி.மீ. தள்ளி நிற்கிற சேர்வராயன் மலை, உச்சியில் 5 ஆயிரத்து 326 அடி. சேர்வராயன் கோவில் இருப்பது அங்கேதான். கிழக்கில் இருந்து வருகிற விமானம் அந்த மலையை மதித்து, உயரத்தை விடாமல் தாண்டி, அதற்கு அப்புறம்தான் சுற்றி இறங்க வேண்டும். பனியும் மழை மேகமும் கவிந்து கொண்டால் இன்னும் சிக்கல். விமானம் தாமதம், ரத்து என்று சேலம் பயணிகள் நொந்து கொண்ட நாட்கள் உண்டு.

15 கி.மீ.க்கு 45 கி.மீ.

இப்போது தரைக்கு வருவோம்.

ஏற்காடு டவுன் சுமார் 5,000 அடி உயரத்தில் இருக்கிறது. விமான நிலையத்துக்கு 4,000 அடி கீழே இறங்க வேண்டும். காக்காய் மாதிரி இறங்க முடியாது. 20 கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரம் வந்து, கோரிமேடு வந்து, அஸ்தம்பட்டி பக்கம் டவுன் நெரிசலில் மாட்டி, ஓமலூர் ரோட்டைப் பிடித்து, கருப்பூர் தாண்டி, காமலாபுரம். மொத்தம் சுமார் 45 கி.மீ. மூன்று மடங்கு!

டாக்சிக்காரருக்கும் மலையில் காப்பி வியாபாரம் செய்கிறவருக்கும் முதல் நாள் ராத்திரி நடக்கிற பேச்சை யாரும் கற்பனை செய்துகொள்ளலாம்.

"பத்தரைக்கு பிளேனுங்கண்ணா. நாளைக்கு எத்தனை மணிக்கு வண்டி எடுக்கட்டும்?"

"ஒம்பதுக்கு அங்க நிக்கணும்பா. ஏழரைக்குக் கிளம்பினாப் போதாது?"

"ஏழுக்கே கிளம்பிரலாமுங்க. வளைவுல ஒரு லாரி நின்னுச்சுன்னா நம்ம பாடு திண்டாட்டம்."

டாக்சிக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கொண்டை ஊசி வளைவில் ஒரு பெரிய வண்டி திரும்ப முடியாமல் நின்றால், பின்னால் வருகிறவர் பெரிய மனிதரா, சின்ன மனிதரா என்று ரோடு பார்க்காது. மேலேயும் போக முடியாது, கீழேயும் போக முடியாது. மே மாதம் கோடை விழா வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். கார்கள் எறும்பு மாதிரி ஊர்கின்றன. கூட்டம் தாங்காமல், மேலே ஏற சேலம் ரோடு, கீழே இறங்க குப்பனூர் ரோடு என்று போலீசார் ஒருவழிப்பாதை ஆக்குவதும் உண்டு. குப்பனூர் ரோடு அயோத்தியாபட்டணம் பக்கம் கொண்டு போய் விடும். விமான நிலையம் இருப்பது எதிர்த்திசையில். சேலம் டவுன் முழுவதையும் குறுக்கே கடக்க வேண்டும்.

அவசரப்பட்டு வேகமாக இறங்குவதும் ஆகாது. 2024 ஏப்ரல் 30-ந் தேதி ஏற்காட்டில் இருந்து சேலத்துக்கு இறங்கிய தனியார் பஸ் கொண்டை ஊசி வளைவில் கட்டுப்பாட்டை இழந்து பள்ளத்தில் பாய்ந்தது. குறைந்தது 5 பேர் பலியானார்கள். பலர் படுகாயத்துடன் சேலம் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகப்பட்டார்கள். பள்ளிக்கூட விடுமுறைக் காலம். பஸ் நிறைய ஆட்கள். அந்தச் செய்தியைப் படித்த பிறகும் டிரைவரை "சீக்கிரம், சீக்கிரம்" என்று விரட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அதே ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் மழை. மலைப்பாதையில் மண் சரிந்தது. பாறைகள் உருண்டன. போக்குவரத்து நிறுத்தப்பட்டது. ஏற்காடு டவுனுக்கே இந்தக் கதி என்றால் நாகலூர், மஞ்சக்குட்டை, வாழவந்தி மாதிரி உள்ளே இருக்கிற மலைக்கிராமத்துக்காரர்கள் பாடு என்ன? அவர்கள் முதலில் ஏற்காடு வந்து சேர வேண்டும். அதற்கு அப்புறம்தான் இந்த 45 கி.மீ. ஆரம்பிக்கிறது.

வண்டி ரோடு வருவதற்கு முன் இந்த மலைக்குக் குதிரையில் ஏறினார்கள். வசதி உள்ள வெள்ளைக்காரர்கள் நாற்காலியில் உட்கார்ந்து கொள்ள, கூலி ஆட்கள் தூக்கிக் கொண்டு ஏறினார்கள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன்தான் இங்கே காப்பிச் செடியைக் கொண்டு வந்தவர் என்பார்கள். அந்தக் காலத்தோடு பார்த்தால் ஒன்றரை மணி நேரம் அற்பம்தான். ஆனால் அந்தக் காலத்தில் கீழே விமானம் காத்திருக்கவில்லை.

ரெயிலா, விமானமா?

ஏற்காட்டில் இருந்து இரண்டு பேர் ஒரே சமயத்தில் சென்னை சென்ட்ரலுக்குக் கிளம்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அண்ணன் விமானத்தில். தம்பி ரெயிலில்.

அண்ணன் மலை இறங்கிக் காமலாபுரம் போக ஒன்றரை மணி நேரம். விமானம் கிளம்புவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாகப் போய்விடுவது நல்லது. கடைசி நேரத்தில் ஓடிப் போய் ஏற இது டவுன் பஸ் அல்ல. கவுண்ட்டரை முன்னதாகவே மூடிவிடுவார்கள். பெட்டியைச் சோதிப்பார்கள், ஆளைச் சோதிப்பார்கள். ஆக 3 மணி நேரம் போனது, இன்னும் அண்ணன் சேலம் மாவட்டத்தை விட்டு நகரவில்லை!

அப்புறம் விமானத்தில் 1 மணி நேரம். மீனம்பாக்கத்தில் இறங்கி, பெட்டி வருகிற வரை நின்று வெளியே வர அரை மணி. அங்கிருந்து சென்ட்ரலுக்கு மெட்ரோ ரெயில் முக்கால் மணி. விமான நிலையத்துக்கு மெட்ரோ 2016-ல் வந்தது. அது இல்லாத காலத்தில் கிண்டி நெரிசலில் ஆட்டோக்காரரோடு பேரம் பேசியே பொழுது போய்விடும்.

அண்ணன் கணக்கு மொத்தம் 5¼ மணி.

தம்பி மலை இறங்கிச் சேலம் ஜங்ஷன் போக ஒன்றே கால் மணி. பிளாட்பாரத்தில் அரை மணி. கோவை-சென்னை வந்தே பாரத் ரெயில் 2023 ஏப்ரலில் தொடங்கியது. அதில் சேலத்தில் ஏறினால் சென்ட்ரலுக்கு மூன்றரை மணியில் இருந்து 4 மணிக்குள். இறங்குகிற இடமே சென்ட்ரல். மெட்ரோவும் வேண்டாம், ஆட்டோவும் வேண்டாம்.

தம்பி கணக்கும் 5¼-ல் இருந்து 5¾ மணி!

நிமிடக் கணக்கில் அண்ணன் ஜெயித்தார் என்று சொல்லலாம். அதுவும் மூச்சு வாங்க ஜெயித்தார். கோவை எக்ஸ்பிரஸ் மாதிரி சாதாரண வேக ரெயிலில் போனால் தம்பிக்குக் கூடுதலாக 1 மணி நேரம் ஆகும். அவ்வளவுதான். காரிலேயே போய்விடலாம் என்று கிளம்புகிற மூன்றாவது ஆள், சாப்பாட்டுக்கு நிறுத்தி, தாம்பரத்தில் ஊர்ந்து, சென்ட்ரல் வந்து சேர 7 மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். நான்கு பேர் சேர்ந்து போனால் அவருக்குத்தான் செலவு குறைவு.

ஆக, விமானத்தில் 266 கி.மீ.க்கு 1 மணி நேரம். முன்னும் பின்னும் தரையில் 4¼ மணி நேரம்.

அப்படியானால் விமானம் வேண்டாமா?

அவசரப்பட்டு அப்படிச் சொல்லிவிட முடியாது.

மேலே போட்ட கணக்கு சென்ட்ரலில் வேலை இருக்கிறவருக்கு. சென்னையே போக வேண்டாம், அங்கிருந்து சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ கொல்கத்தாவுக்கோ விமானம் மாற வேண்டும் என்கிறவர் கணக்கு வேறு. அவருக்கு மீனம்பாக்கத்தில் இறங்கினால் போதும். வெளியே வந்து ஊருக்குள் போகிற வேலை இல்லை. ஏற்காட்டில் மான்ட்போர்ட் பள்ளிக்கூடம் 1917-ல் இருந்து நடக்கிறது. இன்னும் சில விடுதிப் பள்ளிக்கூடங்களும் இருக்கின்றன. வெளி மாநிலத்தில் இருந்து பிள்ளைகளைப் பார்க்க வருகிற தாய் தகப்பனுக்கு, பெங்களூரிலோ கோவையிலோ இறங்கி மிச்சத்தைக் காரில் வருவதை விட, சேலத்தில் இறங்குவது அரை நாள் லாபம். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுக் கடைக்காரர், ஜவ்வரிசி ஆலை முதலாளி, ஜவுளிக்காரர் எல்லோரும் ஐதராபாத், கொச்சி என்று போய் வருகிறவர்கள்தான். சேலம் டவுனில் இருக்கிறவருக்கு மலை இறங்குகிற வேலையும் கிடையாது. அவர் காமலாபுரத்துக்கு அரை மணிக்குக் கொஞ்சம் மேல் செலவழித்தால் சரி. அவர் கணக்கில் விமானம் கொஞ்சம் நேரம் மிச்சம் பிடித்துக் கொடுக்கும்.

எல்லாம் சரி. விமானம் நாளைக்கும் வருமா என்பதுதான் சேலத்துக்காரர்கள் 30 ஆண்டாகக் கேட்டு வரும் கேள்வி.

வந்த விமானம், போன விமானம்

சேலம் விமான நிலையம் 1993-ல் வந்தது. ஆரம்பத்தில் ஓடிய விமானம் நீடிக்கவில்லை. ஆள் சேரவில்லை என்று நிறுத்தி விட்டார்கள். ரன்வே மட்டும் வெயிலில் காய்ந்தது.

2009 நவம்பரில் கிங்பிஷர் வந்தது. சேலம்-சென்னை. 2011-ல் நின்றது. மறு ஆண்டு அந்தக் கம்பெனி நாடு முழுவதும் பறப்பதையே நிறுத்திக் கொண்டது.

அப்புறம் 6 ஆண்டுக்கு மேல் ஒன்றும் இல்லை. கட்டிடம் இருந்தது. போலீஸ் காவல் இருந்தது. விமானம்தான் இல்லை.

2016-ல் மத்திய அரசு உடான் திட்டம் கொண்டு வந்தது. சின்ன ஊர்களுக்கு விமானம் விட்டால், 1 மணி நேரப் பயணத்துக்கு ரூ.2 ஆயிரத்து 500-க்குள் என்று பாதி சீட்டுகளுக்குக் கட்டணம் கட்டிப் போடுவார்கள். அதில் கம்பெனிக்கு வருகிற நஷ்டத்துக்கு 3 ஆண்டு உதவித்தொகை கொடுப்பார்கள். இந்தத் திட்டத்தில் 2018 மார்ச் 25-ந் தேதி ட்ரூஜெட் கம்பெனி சேலம்-சென்னை விமானம் விட்டது. அப்போது முதல்-அமைச்சராக இருந்த எடப்பாடி பழனிசாமி தொடங்கி வைத்தார். சொந்த மாவட்டம். காமலாபுரத்தில் கூட்டம் கேட்க வேண்டுமா! விமானமும் நன்றாகவே ஓடியது. அப்புறம் கொரோனா வந்தது. 2021-ல் ட்ரூஜெட் சேலத்தை விட்டது. 2022-ல் கம்பெனியே பறப்பதை நிறுத்திவிட்டது.

மறுபடியும் 2 ஆண்டு காய்ந்தது ரன்வே.

2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏர் விமானம் பெங்களூர்-சேலம்-கொச்சி என்று வந்தது. அதே மாதக் கடைசியில் இண்டிகோ வந்தது. சென்னை, ஐதராபாத், பெங்களூர் மூன்றுக்கும் சேலத்தில் இருந்து ஏற முடிந்தது. அதற்கு முன் ஒரே சமயத்தில் இத்தனை ஊருக்கு இங்கிருந்து விமானம் இருந்தது இல்லை.

இதில் வியாபாரிகள் கற்றுக்கொண்ட ஒரு பாடம் உண்டு. விமானத்தை நம்பிக் கல்யாணத் தேதி குறிக்கலாம், ஆனால் ரெயிலுக்கும் ஒரு டிக்கெட் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்!

நிலம் யாருடையது?

ரெயிலில் போகிறவர், விமானத்தில் போகிறவர் இருவருக்கும் நேரம்தான் நஷ்டம். இந்தக் கணக்கில் நிலம் நஷ்டமாகிறவர்களும் இருக்கிறார்கள்.

சேலம் ரன்வேயின் நீளம் 1,800 மீட்டர் சொச்சம். ஏ.டி.ஆர். மாதிரி சின்ன விமானத்துக்குப் போதும். பெரிய ஜெட் விமானம் வழக்கமாக வந்து போக வேண்டும் என்றால் நீட்ட வேண்டும். 2018-ல் விமான நிலையத்தைப் பெரிதாக்கச் சுமார் 570 ஏக்கர் எடுக்கும் பேச்சு வந்தது. காமலாபுரம், பொட்டியபுரம், தும்பிப்பாடி, சிக்கனம்பட்டி ஆகிய 4 ஊர்களும் கொதித்தன. விளைகிற நிலம், கிணறு, வீடு எல்லாம் இருக்கிற இடம். முதலில் விமான நிலையம் கட்டுகிறபோதே நிலம் கொடுத்தவர்கள். மறுபடியும் எங்களையேதான் கேட்க வேண்டுமா என்பது விவசாயிகள் வாதம். சர்வே செய்ய வந்த அதிகாரிகளை மறித்தார்கள்.

அதே ஆண்டில்தான் சேலம்-சென்னை 8 வழிச்சாலைத் திட்டமும் வந்தது. 277 கி.மீ. ரூ.10 ஆயிரம் கோடி. அந்தப் பாதை எந்த வழியாகப் போவதாக இருந்தது என்று பார்த்தால், மேலே ரூலர் வைத்து இழுத்தோமே ஒரு கோடு, கிட்டத்தட்ட அதே வழி! செய்யாறு, போளூர், செங்கம், அரூர் பக்கமாகச் சேலம். விமானத்தின் நேர்த்தூரம் 266. சாலையின் தூரம் 277. தொடங்குகிற இடமும் முடிகிற இடமும் வேறுதான். ஆனாலும் விமானம் போகிற கோட்டைத் தரையிலேயே போட்டுவிட வேண்டும் என்று யாரோ ரூலரை எடுத்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

ஆகாயத்தில் நேர்க்கோடு போட்டால் யார் தோட்டமும் போகாது. தரையில் போட்டால் தென்னந்தோப்பு போகும், கிணறு போகும், காடு போகும். 5 மாவட்ட விவசாயிகள் எதிர்த்தார்கள். பயிருக்கு நடுவே கல் நட்ட அதிகாரிகளின் கண் முன்னாலேயே பெண்கள் அழுது புரண்ட காட்சிகளைத் தமிழ்நாடே பார்த்தது. 2019 ஏப்ரல் 8-ந் தேதி நிலம் எடுக்கும் அறிவிப்பைச் சென்னை ஐகோர்ட்டு ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, புதிதாக அறிவிப்பு வெளியிட்டு முறைப்படி எடுக்கலாம் என்று தீர்ப்பளித்தது.

சாலை வந்தால் சென்னைக்கு இரண்டே கால் மணி நேரம்தான் என்றார்கள். அப்போதும் ஏற்காட்டுக்காரருக்கு அந்த 20 கொண்டை ஊசி வளைவு அப்படியேதான் இருக்கும் என்பதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

பெயரில் மட்டும் மலை ஏறும் ரெயில்

ஆபீசில் லீவு கிடைக்காத குமாஸ்தாக்களும் கடையை மூட முடியாத வியாபாரிகளும் இந்த அண்ணன் தம்பிப் போட்டியில் சேருவதே இல்லை. அவர்களுக்கு ஏற்காடு எக்ஸ்பிரஸ் இருக்கிறது.

பெயர்தான் ஏற்காடு எக்ஸ்பிரஸ். மலைக்கு ஏறாது. சென்னை சென்ட்ரலுக்கும் ஈரோட்டுக்கும் நடுவே ராத்திரியில் ஓடுகிற ரெயில். முதல் தடவை சுற்றுலா வருகிறவர்கள் சிலர், இது நேராக ஏற்காட்டிலேயே கொண்டு போய் விடும் என்று நினைத்துக்கொண்டு ஏறிவிடுவது தனி வேடிக்கை.

சென்னையில் கடையை மூடிவிட்டு, சாப்பிட்டுவிட்டு, சென்ட்ரல் போனால் போதும். படுத்தால் விடிவதற்கு முன் சேலம் ஜங்ஷன். கடிகாரத்தில் 5 மணி நேரம் ஓடியிருக்கும். ஆனால் பகலில் ஒரு நிமிடமும் போகாது. விமானத்தில் வந்தவர் செலவழித்த 5¼ மணி, வேலை நேரத்தில் போன 5¼ மணி.

சேலத்தில் இறங்கி, ஜங்ஷன் வாசலில் ஒரு டீ குடித்து, பஸ் நிலையம் போனால் காலையில் மலைக்கு ஏறுகிற பஸ் நிற்கும். அதில் காய்கறி மூட்டையும் பால் கேனும் செய்திப் பத்திரிகைக் கட்டும் ஏறியிருக்கும். ஜன்னல் ஓர சீட்டுக்குத்தான் போட்டி. 20 வளைவையும் தாண்டி ஏரிக்கரையில் இறங்கும்போது கடைகள் அப்போதுதான் திறந்து கொண்டிருக்கும்.